கூடவே வந்த ஆர்மோனியம்

புத்தளத்துப் பரீட்சை மண்டபத்தில் அனுஜா அனுபல்லவிக்கு ஏறியதுமே பரீட்சகர் அம்மா கையை உயர்த்தினார். "பிள்ளை, சுருதியை விட்டுட்டீங்க." திரும்பத் தொடங்கினாள். திரும்பவும் கை உயர்ந்தது. மூன்றாம் முறை, மேசையில் இருந்த சுருதிப்பெட்டி ஒரு பக்கமும் தன் குரல் ஒரு பக்கமுமாகப் போவது அவளுக்கே கேட்டது. தலையில் இடி விழுந்தாற்போல இருந்தது. மூன்று வருடப் படிப்பு. இதில் சித்தியடைந்தால்தான் சங்கீத ஆசிரியைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு நாளாவது யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா?

உடப்பில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பாட்டு வகுப்புக்குப் போனாள். மக்டலின் ரீச்சரும், பாடத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கும் இராசையா மாமாவும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் இவ்வளவு நாளும் சுருதி விட்டா பாடினனான்?"

இராசையா கோப்பையைக் கீழே வைத்தார். ஒளிக்கத் தெரியாத மனுஷன்.

"ஓம் பிள்ள. நீ மேல போனா நானும் கட்டைய மாத்திக்கிட்டு வருவன். கோயில்ல அப்படித்தானே? அம்மனுக்குப் பாடுறவங்கள நடுவுல விடப்படாது."

முப்பது வருடம் திருவிழாப் பஜனைக்கு வாசித்த கை அது. விரதக் களைப்பில் யாருடைய குரல் எங்கே சரிந்தாலும் பின்னாலேயே போய்த் தாங்கிப் பிடிக்கும். அங்கே அது புண்ணியம். இங்கே ஒரு பிள்ளையின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டது.

"ரீச்சர், உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும்." ரீச்சர் தரையைப் பார்த்தார். "உனக்கு முந்தி மூணு பேர், நான் பிழை சொன்னதும் வகுப்புக்கு வராம நின்டுட்டாங்க. நீயும் நின்டுடுவியோ எண்டு பயந்தன். போகப் போகச் சரிவரும் எண்டு விட்டுட்டன்."

ஏச்சே விழாத வகுப்பு என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டவள் அனுஜாதான். மாமா வாசித்தால் பாட்டுத் தானாக வரும் என்று சொன்னவளும் அவளேதான். அது நினைவுக்கு வந்ததும் கோபத்தில் பாதி அவள்மேலேயே திரும்பியது.

"மாமா, ஒரு கட்டைய அமத்துங்க. நான் எங்க போனாலும் விரல எடுக்காதீங்க. ரீச்சர், நான் பிழை விடுற இடத்துல நிப்பாட்டுங்க."

பாடினாள். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு விரலை வைத்த இடத்திலேயே வைத்திருந்தார். இரண்டாவது வரியில் ரீச்சர் சொன்னார்:

"நில்லு. பிழை."

மூன்று வருடத்தில் அந்த வகுப்பில் அந்தச் சொல்லை அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.