பதினான்காம் எலி

எலிகளைப் பயமுறுத்தியே வயிறு வளர்த்தவள் நான். முப்பது வருஷமாக அதுதான் தொழில். நடத்தை நரம்பியல் என்று கௌரவமாகச் சொல்வார்கள். ஒரு மணியோசை, கூடவே காலுக்கு லேசான மின்னதிர்ச்சி. இரண்டே நாளில் மணி கேட்டாலே எலி உறைந்துபோகும். அப்படிப் பயந்த எலியோடு பயமே அறியாத இன்னொன்றைக் கூண்டில் விட்டால் பயம் தணிகிறது என்று இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு கட்டுரை எழுதினேன். இதுவரை தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் தங்கள் கட்டுரைகளில் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். என் பதவி, ஆய்வுக்கூடம், கதவில் இருக்கும் பெயர்ப்பலகை எல்லாம் அது போட்ட பிச்சை. நான் எழுதிய மற்றவற்றை என் மாணவர்கள் படித்தார்கள். அதுவும் பரீட்சைக்குப் பயந்து.

போன மாதம் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வேறொரு பல்கலைக்கழகத்து ஆய்வாளர். என் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கப் போகிறாளாம். ஒவ்வொரு எலிக்கும் அன்று நோட்டில் குறித்துவைத்த எண்கள் மொத்தமும் வேண்டுமாம். மரியாதையாகத்தான் கேட்டிருந்தாள். பதில் போடாமல் மின்னஞ்சலை மூடிவைத்தேன்.

காரணம் பதினான்காம் எலி. துணை இருந்தும் அதற்குப் பயம் தணியவே இல்லை. மணி அடித்ததும் மூலையில் ஒண்டிக்கொண்டு நடுங்கும். அதைச் சேர்த்தால் கணக்கு உதைக்கும் என்று தோன்றியது. 'உடல்நலக் குறைவால் ஓர் எலி விலக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதித் தள்ளிவிட்டேன். அந்த எலி நன்றாகத்தான் தின்றது, நன்றாகத்தான் தூங்கியது. அதையும் சேர்த்தால் என் முடிவு நிற்குமா விழுமா என்று போட்டுப் பார்க்க அன்றிலிருந்து எனக்குத் தைரியம் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு ஒரு மேற்கோளுக்கு ஒரு தடவை வீதம் தொள்ளாயிரம் தடவை குறுகுறுத்திருக்கிறது.

பத்து நாள் தாக்குப்பிடித்துவிட்டு வீட்டுக்காரரிடம் கொட்டிவிட்டேன். அவர் பல் டாக்டர். முதலில் நானே கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், நின்றால் அனுப்புகிறேன், விழுந்தால் நோட்டு தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"ஆட்டி ஆட்டிப் பாத்துக்கிட்டே இருந்தா பல்வலி போகாது," என்றார். "போட்டுப் பாத்து நின்னாத்தான் அனுப்புறதுன்னா அதுக்கு நீ எதுக்கு? யார் வேணாலும் அனுப்புவாங்களே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பல்லும் ஆராய்ச்சியும் ஒன்றா என்று கத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் காலை, போட்டுப் பார்க்காமலே, பதினான்காம் எலியையும் சேர்த்து அனுப்பினேன்.

அதன்பிறகு ஒன்பது நாள். சோறு இறங்கவில்லை. மாணவர்களை ஒன்றுமில்லாததற்கெல்லாம் திட்டினேன். போன் மணி அடித்தால் உறைந்துபோனேன். என் எலிகள் பார்த்திருந்தால் சிரித்திருக்கும்.

சனிக்கிழமை காலை பதில் வந்தது. பதினான்காம் எலியைச் சேர்த்தும் போட்டுப் பார்த்தார்களாம். பயம் தணிவது நான் எழுதிய அளவுக்கு இல்லை, ஏறக்குறைய பாதிதான். ஆனாலும் முடிவு நிற்கிறது. நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனிதர் சோப்பு நுரைக் கையோடு ஓடிவந்தார். அவரிடம் திரையைக் காட்டும்போதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது: 'ஒரே ஒரு சந்தேகம். அந்த எலிக்கு என்ன நோய்?'

வயிற்றுப்போக்கு என்று தட்டினால் போதும். எலி செத்து இருபத்திரண்டு வருஷம். யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்? முடிவும்தான் நின்றுவிட்டதே. தட்டியும் விட்டேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். சமையலறைக்குத் திரும்பிப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஏதாவது திட்டியிருந்தால் நானும் சண்டை போட்டுவிட்டு அனுப்பியிருப்பேன்.

அந்த வார்த்தையை அழித்தேன். 'நோய் எதுவும் இல்லை. அந்த எலிக்குப் பயம் தணியவில்லை. அதைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது, பொய் எழுதினேன். பத்திரிகைக்கு இன்றே திருத்தம் அனுப்புகிறேன்' என்று எழுதி அனுப்பினேன். திருத்தத்தையும் எழுதி முடித்தேன். நாலு வரிதான். அப்பாடா என்றிருந்தது. முடிவு நிற்கிறது என்று படித்தபோதுகூட இப்படி இல்லை. பசித்தது. இருந்த சோற்றை நின்றபடியே சட்டியோடு சாப்பிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் அவளிடமிருந்து இன்னொரு பதில் வந்தது. பாராட்டு, கண்டனம் எதுவும் இல்லை.

'நன்றி, அம்மா. போன வருஷம் எங்கள் ஆய்வுக்கூடத்திலும் இரண்டு எலிகளுக்கு இப்படித்தான் உடம்புக்கு முடியாமல் போனது. திங்கட்கிழமை அவற்றையும் கணக்கில் சேர்த்துவிடுகிறேன்.'