தோற்றவனுக்குப் பிரியாணி

சுமலதா ஊராட்சித் தலைவராக ஜெயித்த கையோடு, அவளிடம் தோற்ற கங்கப்பன் அவள் வீட்டிலேயே உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டான். அதை ஜன்னல் வழியாகப் பார்த்த ரஞ்சிதாவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு, கால் வீங்க வீங்கத் தெருத்தெருவாகச் சுமலதாவுக்கு ஓட்டுக் கேட்டவள் அவள். தன்னைப் போலக் கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்களின் லைன் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் வரும் என்று தன் வாயால் சத்தியம் செய்தவள். அங்கே தண்ணீர் என்றால் கங்கப்பனின் லாரித் தண்ணீர்தான். அவன் வைத்ததுதான் விலை, அவன் வந்ததுதான் நேரம்.

அவன் கிளம்பியதும் ரஞ்சிதா உள்ளே பாய்ந்தாள். “என்னக்கா இது? அவன் கொட்டத்தை அடக்கத்தானே ஓட்டு வாங்குனோம்?”

சுமலதா இலையை மடித்துக்கொண்டே சிரித்தாள். கல்லூரி நாளில் மாநில அணிக்கு ரக்பி ஆடியவள். ஒரு ஆட்டத்தில் உடைந்த மூக்கு இன்னும் கோணல்தான். “எங்க ஆட்டத்துல அப்படித்தான் ரஞ்சிதா. ஆடுற வரைக்கும் முட்டிக்குவோம், மோதிக்குவோம். முடிஞ்சா எதிர் டீமுக்கு நாமதான் சோறு போடணும்.”

“தேர்தல் என்ன பந்து வெளையாட்டா? ரெண்டு பேரும் என்ன பேசுனீக?”

“கிராம சபையில தெரியும். அதுவரைக்கும் சொல்லமாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன்.”

வாக்காம், வாக்கு! ஓட்டு வாங்கிக் கொடுத்தவளிடம் மறைக்கிற அளவுக்குத் தோற்றவனோடு என்ன ரகசியம்? அன்றிலிருந்து ரஞ்சிதாவுக்குத் தொட்டதெல்லாம் சந்தேகம். சந்தையில் கங்கப்பன் சுமலதாவுக்கு வணக்கம் வைத்தால், பேரம் படிந்துவிட்டது. வைக்காமல் போனால், நடிக்கிறார்கள். அளவெடுக்கும் ஆட்கள் அவனுடைய மாந்தோப்புக்குள் போனதைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தே போயிற்று. அங்கே லாரித் தண்ணீருக்கு இன்னொரு போர்க் கிணறு போடப்போகிறான், தலைவி கண்ணை மூடிக்கொள்ளப்போகிறாள்.

“நம்ம தலையில மொளகா அரைச்சிட்டாக,” என்றாள் லைன் வீட்டுப் பெண்களிடம். “குடியரசு தினத்துக் கிராம சபைக்கு ஒருத்தியும் போகக்கூடாது. காலி நாற்காலியப் பாத்து வெக்கப்படட்டும்.”

பக்கத்து வீட்டு ராசாத்தி இழுத்தாள். “இன்னொரு தடவ கேட்டுப் பாப்பமே...”

“கேட்டாச்சு!” என்று அவள் வாயை அடைத்தாள் ரஞ்சிதா.

சொன்னபடி ஒருத்தியும் போகவில்லை. வேடிக்கை பார்க்க ரஞ்சிதா மட்டும் பள்ளிக்கூட மதில் ஓரம் நின்றாள். சுமலதா இரண்டு வார்த்தை பேசிவிட்டு மைக்கைக் கங்கப்பனிடம் நீட்டினாள்.

“தோத்தவன் வூட்டுப் பக்கம் ஒருத்தனும் எட்டிப் பாக்கல. இந்தம்மாதான் கூப்ட்டு சோறு போட்டுச்சு,” என்றான் அவன். “லைன் வீட்டுக்குக் கொழாய் போக எந்தோப்ப வுட்டா வேற வழி இல்லையாம். பதிச்சுக்கோங்க. இத ஊர் முன்னால நானே சொல்லணும்னுதான் இந்தம்மாவ சொல்ல வேணான்னேன்.”

மதில் ஓரம் நின்ற ரஞ்சிதா வாசலுக்கு வந்தாள்.

ஊராட்சிச் செயலர் தலைகளை எண்ணினார். இருநூறு பேர் இல்லாமல் தீர்மானம் செல்லாது. பாதிகூடத் தேறவில்லை. கங்கப்பன் காலி நாற்காலிகளைப் பார்த்தான். “கொழாய் கேட்ட பொம்பளைங்க எங்க? அவங்களுக்கே வேணாம்னா எனக்கென்ன தலையெழுத்தா?” துண்டை உதறித் தோளில் போட்டான்.

“அண்ணே, நில்லுங்க! இப்பக் கூட்டிட்டு வாரேன்!” ரஞ்சிதா ஓடினாள். அவன் திரும்பிப் பார்க்காமல் வண்டியில் போய்விட்டான்.

பின்னாலேயே சுமலதா வந்தாள். அவ்வளவு பெரிய உடம்பு துவண்டு போயிருந்தது.

“ஏன் ரஞ்சிதா ஒருத்தரும் வரல? முன்னால சரின்னு சொல்லிட்டு, பின்னால கங்கப்பனே மெரட்டி வுட்டானா?”

நான்தான் தடுத்தேன் என்று சொல்ல வாய் திறந்தாள் ரஞ்சிதா. ஆனால் பயத்தில் தலை தானாகவே ஆடியது, ஆமாம் என்று.

சுமலதா அதை அப்படியே நம்பினாள்.