மூன்று புள்ளி நீலக் கேரியர்

மூன்று டம்ளர் தேநீரிலும் ஆடை படிந்துவிட்டது.

"எனக்குச் சுகருங்க" என்று சங்கத் தலைவர் ரெங்கராஜ் முதலிலேயே சொல்லிவிட்டார். "சக்கர போடாம வேற போட்டுக் கொண்டாரேன் சார்" என்று நாகவள்ளி அடுப்புப் பக்கம் திரும்பியபோது, "வேண்டாமுங்க, வேண்டாமுங்க" என்று கையைக் காட்டி நிறுத்தினார். டம்ளரைத் தொடப் போன ஜஸ்டஸ், தலைவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு அசிடிட்டில்லா" என்று கையை மடியில் வைத்துக்கொண்டார். மூன்றாவது டம்ளர் கார்மேகத்துடையது. "இப்பத்தான் கடையில குடிச்சேன்" என்றான் அவன். அன்று காலையிலிருந்து அவன் எதுவும் குடித்திருக்கவில்லை.

அப்பாசியா தமிழர் சங்கத்தின் சார்பில் அவர்கள் மூவரும் நாகவள்ளியின் மெஸ்ஸைப் பார்வையிட வந்திருந்தார்கள். குவைத்தில் கட்டட நிறுவனம் நடத்தும் ஒருவர் அந்த ஆண்டு, அதாவது 2007இல், சங்கத்திடம் ஒரு நிதியை ஒப்படைத்திருந்தார். அது கடனல்ல, திருப்பித் தர வேண்டியதில்லை. சாக்கடை பொங்கும் அப்பாசியாவின் சந்துகளில் சின்னக் கடைக்காரர்களும், மருத்துவ முகாம் போடுகிறவர்களும், மாலை வகுப்பு நடத்துகிறவர்களும் ஒவ்வொருவராக மூடிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாங்கிப் பிடித்தால் தெரு தானாக நிற்கும் என்பது கொடுத்தவரின் எண்ணம்.

நாகவள்ளிக்கு வேண்டியது அடுப்புக்கு மேல் ஒரு புகைக்கூண்டு. விசா கொடுத்த அரபியான கஃபீலின் பெயரில் உரிமம் எடுத்து ஐந்து ஆண்டுகளாக அவள் மெஸ் நடத்துகிறாள். ஒரு மாதத்துக்குள் புகைக்கூண்டு வைக்காவிட்டால் கடைக்குச் சீல் என்று முனிசிபாலிட்டி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தது. மெஸ் போனால் அவளுடைய விசாவும் போகும். அந்தச் சந்தில் காய்ச்சலில் கிடக்கிறவர்களுக்கும், வேலை பார்த்த வீட்டில் அடி தாங்காமல் ஓடிவந்த பெண்களுக்கும் காசில்லாமல் போகிற கஞ்சியும் போகும்.

சுவரோரம் கேரியர்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு மூடியிலும் பெயின்ட் அடையாளம். சாப்பாடு கொண்டுபோகும் மீராசாவுக்கு எழுத்து தெரியாது என்பதால் நாகவள்ளி கண்டுபிடித்த ஏற்பாடு அது. நிறம் கட்டடத்தைச் சொல்லும், புள்ளிகள் மாடியைச் சொல்லும், கோடுகள் கதவைச் சொல்லும். ஆளுக்கு இரண்டு கேரியர். நிறைந்ததைக் கொடுத்து நேற்றைய காலியை மீராசா வாங்கி வருவான். ஒருநாளும் சோறு கதவு மாறிப் போனதில்லை. கார்மேகத்துக்கு இந்த ஏற்பாட்டின் மேல் ஒரு மயக்கமே உண்டு.

ரெங்கராஜ் பார்வை ஒரு நீல மூடியில் நின்றது. மூன்று புள்ளி, ஒரு கோடு.

"அது உங்களுதுதான் சார்" என்றாள் நாகவள்ளி. அவள் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "மூணு வருசமா நம்ம சாப்பாடுதான். வத்தக்குழம்பு வச்ச அன்னைக்கு மட்டும் காலி கேரியர் கழுவுனாப்புல வரும்."

ரெங்கராஜ் எழுந்தார். "அது மீராசா மெஸ்ஸுன்னு நெனச்சனுங்க" என்றார்.

படியிறங்கியதும் அவர் கோப்பைத் திறந்து, நாகவள்ளியின் விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"ஏனுங்க கார்மேகம், நீங்களும் அந்தப் பக்கந்தானுங்களே? இந்தக் காலனித் தெரு, கீழமருதிங்கறது... அவிங்க இருக்கிற எடமுங்களா?"

விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தது கார்மேகம்தான். டைப்பிங் சென்டரில் பதினான்கு ஆண்டுகள் உட்கார்ந்தவன். ஒரு படிவம் எப்படி மேசை மேசையாக நகர்கிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதை வருகிறவர்களுக்குச் சலிக்காமல் விளக்குவான். சாதி கேட்கும் கட்டம் இந்தப் படிவத்தில் இல்லை என்று பார்த்து அவன் மகிழ்ந்துகூட இருந்தான். ஊர் முகவரிக் கட்டத்தின் கீழே 'விரும்பினால் மட்டும்' என்று பொடி எழுத்தில் இருந்தது. ஆனால் காலிக் கட்டம் அவன் கண்ணை உறுத்தும். "கட்டத்தைக் காலியா விட்டா அரைகுறைன்னு தூக்கி வச்சிருவாங்கம்மா" என்று சொல்லி, அவளுடைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாக அடித்தான்.

'காலனி' என்ற சொல்லில் விரல் ஒரு நொடி நின்றது. அதே சொல் அவனுடைய பழைய பாஸ்போர்ட்டிலும் இருந்தது. மனைவியைப் பரமக்குடியில் வாடகை வீட்டில் குடிவைத்து, புதுப்பிக்கும்போது முகவரியை மாற்றிக்கொண்டவன் அவன். பெரிய கடைத்தெரு என்று இப்போது இருக்கிறது. சங்கத்தில் யாரும் அவனை எதுவும் கேட்டதில்லை.

"சொல்லுங்க" என்றார் ரெங்கராஜ்.

"அப்படித்தான் கேள்விப்பட்டிருக்கேன்" என்றான் கார்மேகம்.

"நமக்கு ஒண்ணுமில்லீங்க. நாளைக்கு நாலு பேரு சாப்பிடற எடம், நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க பாருங்க."

ஜஸ்டஸ் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார்.

மறுப்புக் கடிதத்தையும் கார்மேகமே அடித்தான். 'சுகாதாரக் காரணங்களால்' என்று ரெங்கராஜ் சொல்லச் சொல்ல அடித்தான். மறுவாரம் விழா நடந்தது. முடிதிருத்தும் கடைக்கும், தையல் கடைக்கும், மாலை வகுப்புக்கும் உதவி கிடைத்தது. 'அடித்தட்டு மக்களுக்குக் கைகொடுப்போம்' என்ற பேனருக்கு முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த வரியும் கார்மேகம் அடித்துக் கொடுத்ததுதான்.

அதற்குள் நீலக் கட்டடத்தின் கேரியர்கள் சாப்பாட்டோடு திரும்பத் தொடங்கியிருந்தன. "மூணாவது மாடி சார் கதவே தொறக்கல வள்ளிக்கா. உள்ளேர்ந்தே 'கலாஸ், மாஃபி'ங்கிறாரு, போதும் வேணாம்னு அரபிகிட்ட சொல்ற மாதிரி" என்றான் மீராசா. "காலி கேரியரக் குடுக்கவும் இல்ல. கீழ வந்து பாக்குறேன், பலதியா குப்பைத் தொட்டிக்குள்ள கெடக்கு."

அவள் அதை வாங்கி மூன்று முறை விளக்கினாள் என்று பிறகு அவனே கார்மேகத்திடம் சொன்னான்.

மாதம் முடிந்தது. கடைக்குச் சீல் வைத்தார்கள். விசா ரத்துக்கான கடைசித் தாள் அடிக்க நாகவள்ளி டைப்பிங் சென்டருக்கு வந்தாள். கையில் ஒரு துணிப்பை. கார்மேகம் அவள் முகத்தைப் பார்க்காமல் அடித்துக்கொண்டே போனான். ஊர் முகவரி வந்ததும், "இது இல்லன்னாலும் பரவாயில்லம்மா, விட்ரலாம்" என்றான்.

"ஏண்ணே? கட்டத்தக் காலியா விடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது..."

"பாஸ்போட்டுல எப்படி இருக்கோ அப்படியே அடிங்க. நான் போயி எறங்கப்போறது அந்தத் தெருவுலதான்."

அவன் அடித்தான். காலனித் தெரு, கீழமருதி. எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

"மதினி நல்லாருக்காங்களா?" என்று கேட்டாள் நாகவள்ளி.

கார்மேகத்தின் கை நின்றது.

"எங்க பெரியம்மா வீட்டுக்கு மூணாவது வீட்டுலதான அவுக பொறந்தாக. உங்க கல்யாணத்துல நான் பந்தியில எல எடுத்தேன். வந்த மொத நாளே உங்களத் தெரியும்ணே. சொன்னா உங்களுக்குச் சங்கடமாயிருமேன்னு சொல்லல."

அவள் பையிலிருந்து கேரியரை எடுத்து மேசையில் வைத்தாள். நீல மூடி, மூன்று புள்ளி.

"வத்தக்குழம்பு. அன்னைக்கு டீயும் குடிக்காமப் போயிட்டீங்க" என்று சொல்லிவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கார்மேகம் மேசையிலேயே கேரியரைத் திறந்து வைத்துச் சாப்பிட்டான். கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டான்.

அன்று மாலை சங்க உறுப்பினர் படிவங்களைப் புதுப்பிக்கும் வேலை இருந்தது. தன்னுடைய படிவத்தில் 'பெரிய கடைத்தெரு'வை அழித்தான். வேறு எதையும் அடிக்க விரல் வரவில்லை. நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, பதினான்கு ஆண்டுகளில் முதல்முறையாக ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினான்.

மறுநாள் ரெங்கராஜ் ஃபோன் செய்தார். "என்னுங்க கார்மேகம், உங்குளுதுல ஊர் அட்ரஸ் விட்டுப்போச்சுங்களே? சொல்லுங்க, நானே எழுதிக்கறேன்."

"நாகவள்ளி பேப்பர் உங்ககிட்ட இருக்குல்ல சார்?"

"இருக்குதுங்க. அதுக்கென்னங்க இப்ப?"

"அதுல என்ன போட்டிருக்கோ, அதையே எனக்கும் போட்டுக்கங்க."

தொடர்பு அறுந்தது.

கார்மேகம் குழாயடிக்குப் போய்க் கேரியரை விளக்கினான். நீலப் பெயின்ட் துளியும் போகவில்லை; அழுத்தமாகத்தான் பூசியிருந்தாள். நிறைந்தது வந்தால் காலியைக் கொடுத்தனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. ஈரம் துடைத்த காலிக் கேரியரைக் கையில் வைத்துக்கொண்டு அவன் வாசலைப் பார்த்தான். அவள் விமானம் காலையிலேயே போய்விட்டது.