ஆறே கால் அடி

பதினொரு மணிக்குள் தன் கணவனைக் கூரையிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்று தங்கை காலையிலேயே தொலைபேசியில் சொல்லியிருந்தாள். அன்று வெயில் நாற்பத்து மூன்று டிகிரியைத் தொடும் என்றும், நண்பகலுக்குமேல் திறந்தவெளியில் வேலை வேண்டாம் என்றும் வானொலியில் அறிவித்திருந்தார்கள். அண்ணனும், "சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்று ஒப்புக்கொண்டிருந்தான். இப்போது மணி பன்னிரண்டாகப் போகிறது. மைத்துனன் இன்னும் மேலேதான் இருந்தான்.

கிடங்கின் கூரைக்குத் தகரம் போடும் வேலை அது. மைத்துனன் மேலே தகடுகளைத் திருகாணி முடுக்கிப் பொருத்துவான். அவன் கூவிச் சொல்லும் அளவுக்கு அண்ணன் கீழே தகட்டை வெட்டிக் கயிற்றில் கட்டி, கப்பி வழியே மேலே ஏற்றுவான். அண்ணனுக்கு ஏணியில் மூன்றாம் படியைத் தாண்டினாலே தலை சுற்றும்; அதனால்தான் இந்தப் பங்கீடு.

மைத்துனனை எல்லோரும் ஒட்டகம் என்று அழைத்தார்கள். தண்ணீர் குடித்தால் சிறுநீர் கழிக்க முப்பதடி ஏணியில் இறங்கி ஏற வேண்டுமே என்று அவன் பொழுது சாயும்வரை ஒரு மிடறுகூடக் குடிப்பதில்லை. கூரை வேலை செய்பவர்கள் பலருக்கும் உள்ள பழக்கம்தான்; இவன் அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வான். காலையில் கயிற்றில் கட்டி அனுப்பிய தண்ணீர்க் கேன் மூடி திறக்கப்படாமலே திரும்பி வந்திருந்தது.

"மாப்பிள்ளை, போதும், எறங்குங்க. மிச்சத்தைச் சாயங்காலம் பாத்துக்கலாம்."

"கடைசி வரிசை, இன்னும் ஒம்போதே தகடு. இதுக்காக ஒரு தடவை எறங்கி, இன்னொரு தடவை ஏறணுமா மச்சான்?"

"என் தங்கச்சி என்னை வறுத்தெடுத்துடுவா."

"வறுக்கட்டும். நான் இங்கே வறுபட்டுக்கிட்டுதானே இருக்கேன்."

அண்ணன் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு கண்டிக்க வாய் வரவில்லை. ஒன்பது தகடுதானே என்று கத்தரியை எடுத்தான். ஆனால் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரு தகடு வெட்டுவதற்குள் நான்கு முறை நிமிர்ந்து பார்த்தான்.

அந்தக் கிடங்கின் பக்கச்சுவர் கோணலாகக் கட்டப்பட்டிருந்தது. ஆகவே கடைசி வரிசையில் ஒரு தகட்டின் நீளம் அடுத்ததற்குப் பொருந்தாது. வரவரக் குறைந்துகொண்டே போகும்.

"ஏழடி," என்று மேலிருந்து குரல் வந்தது. பிறகு, "ஆறே முக்கால்." பிறகு, "ஆறே கால்."

அடுத்ததற்கும், "ஆறே கால்" என்றே வந்தது.

அண்ணன் சற்றுத் தயங்கினான். தான்தான் சரியாகக் கேட்கவில்லையோ என்று எண்ணி வெட்டி அனுப்பினான். மூன்றாம் முறையும் அதே அளவு வந்தபோது கத்தரியைக் கீழே வைத்தான்.

"மாப்பிள்ளை, இப்ப அனுப்பின தகடு என்னாச்சு?"

"எந்தத் தகடுடா? நீ இன்னும் ஒண்ணுமே அனுப்பல."

பத்து வருஷத்தில் அவன் வாயிலிருந்து அண்ணனை நோக்கி ஒரு 'டா' வந்ததில்லை. அண்ணன் கூரையின் மேற்புறம் தெரியும்படி தெருவரை பின்வாங்கி ஓடிப் பார்த்தான். அனுப்பிய தகடுகள் பொருத்தப்படாமல் மேலே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மைத்துனனின் சட்டை முதுகில் காய்ந்து, உப்புப் பூத்து வெளுத்திருந்தது. அவன் எழுந்தான், ஏணி இருந்த திசைக்கு நேர் எதிராக நடந்தான், இடுப்பில் கட்டியிருந்த பாதுகாப்பு வார் இழுத்துப் பிடிக்கவே, பொத்தென்று உட்கார்ந்தான்.

இனிமேல் அவனை இறங்கி வரச் சொன்னால் ஏணியிலிருந்து விழுவான்.

அண்ணன் அழைத்த அவசர உதவி எண்ணில் ஒரு பெண் பேசினாள். "வேர்க்குதா அவருக்கு?"

"இல்லீங்க. ஏதேதோ பேசறார்."

"அப்ப வாயில தண்ணி ஊத்தாதீங்க, பொறை ஏறிடும். நிழலாக்கி, உடம்பு பூரா நனைச்சு, விசிறிக்கிட்டே இருங்க. வண்டி வந்துக்கிட்டிருக்கு."

தண்ணீர்க் கேனைக் கப்பியில் ஏற்றிக் கயிற்றைக் கம்பத்தில் முடிந்தான். இரண்டு ஈரச் சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். நான்காம் படியில் தலை சுற்றிற்று. கண்ணை மூடினால் இன்னும் மோசமாக இருந்தது. எதிரிலிருந்த படியை மட்டும் பார்த்து, அதை எட்டியபின் அடுத்ததை மட்டும் பார்த்து ஏறினான். மேலே தகரம் உள்ளங்கையைச் சுட்டது. சாக்குகளை முழங்காலுக்கு அடியில் மாற்றி மாற்றிப் போட்டுத் தவழ்ந்து போனான்.

மைத்துனனின் உடல் அடுப்பில் கிடந்த சட்டிபோல் கொதித்தது. ஒரு சாக்கை அவனுக்கு அடியில் விரித்தான். ஒரு தகட்டைச் சாய்த்து நிழல் செய்தான். கேனை இழுத்துப் பிடரியிலும் அக்குளிலும் நீர் ஊற்றினான். திருகாணிப் பெட்டியின் அட்டையைக் கிழித்து விசிறினான்.

"மாப்பிள்ளை, நான் யாரு?"

மைத்துனன் அவனைத் தாண்டி எங்கோ பார்த்தான்.

"உங்க பொண்ணு எந்த வகுப்பு படிக்கறா?"

"ஆறே கால்."

அண்ணன் கேனை மறுபடி சாய்த்தான். இன்னும் ஊற்றினான், இன்னும் விசிறினான், மீண்டும் கேட்டான். தெருமுனையில் வண்டியின் ஒலி கேட்டது. அது வேறு தெருவில் திரும்பிவிடுமோ என்று தவித்தான். திரும்பவில்லை.

"ஏணியில நடத்தி எறக்க முடியாதுங்க," என்று கீழே வண்டியிலிருந்து இறங்கியவர்களிடம் கத்தினான். "படுக்கையும் கயிறும் எடுத்துக்கிட்டு வாங்க."

மறுபடியும் குனிந்தான். "சொல்லுங்க மாப்பிள்ளை, பொண்ணு எந்த வகுப்பு?"

மைத்துனன் எரிச்சலோடு இமையைத் திறந்தான். "நாலாவது. வேலை நேரத்துல இதை ஏன் மச்சான் கேக்கறீங்க?"

அண்ணன் கேனைத் தூக்கிப் பார்த்தான். கேனில் பாதி நீர் மிச்சம் இருந்தது. அதைக் கொஞ்சங்கொஞ்சமாய் அவன் மார்பில் ஊற்றியபடி, "சரி, அவ டீச்சர் பேரு என்ன?" என்று அடுத்ததைக் கேட்டான்.