தூங்குமூஞ்சிக்குக் காவல்

என் மனைவி ஒரு வருடப் படிப்புக்காக வேறு ஊருக்குக் கிளம்பியபோது அவள் அப்பாவை என்னிடம் ஒப்படைத்தாள். என்னை அவள் அப்பாவிடம் ஒப்படைத்தாள். இரண்டு பேர் மீதும் நம்பிக்கை வராததால், இருவரையும் சேர்த்து ஒரு ஸ்லோ குக்கரிடம் ஒப்படைத்தாள்.

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் அவள். மயக்க மருந்துப் பயிற்சியில் இடம் கேட்டு வருஷா வருஷம் மனுப் போட்டு ஒருவழியாகக் கிடைத்த இடம் இது. பாதியில் விட்டால் போனது போனதுதான். கிளம்புகிற அன்று என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னாள்.

"அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் அப்பா பாதியா இளைச்சிட்டாரு. இன்னும் இளைச்சார்னு தெரிஞ்சுது, படிப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு வந்து நிப்பேன். பார்த்துக்குங்க."

என் மனைவி விளையாட்டுக்குப் பேசுகிற ரகம் இல்லை. வருவேன் என்றால் வருவாள். ஆகவே ஒரு மனுஷியின் பல வருஷக் கனவு, நான் வைக்கிற குழம்பில் மிதக்க ஆரம்பித்தது. சமையலில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. எல்லாம் தட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பெற்ற அனுபவம்.

ஸ்லோ குக்கர் என்பது கனமான பீங்கான் பானை, அதைச் சுற்றி மின்சாரச் சூடு, மேலே கண்ணாடி மூடி. காலையில் காய்கறியையும் கறியையும் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம் சாப்பாடு தயார். சொல்லும்போது சுலபம். எங்கள் பானையோ ஒரு பட்டாளத்துக்கு ஆக்குகிற அளவு. வீட்டில் இருப்பதோ ஒன்றரை ஆள். (அரை நான். கடையில் மத்தியானம் எதையாவது மென்றுவிடுவேன்.) பானையில் பாதியாவது நிரம்ப வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். நிரப்பினால் அதே குழம்பு வாரக் கடைசி வரை கூடவே குடித்தனம் நடத்தும். மூடி போட்ட பானையில் நீர் வற்றாது என்பதை முதல் வாரம் சூப்பாகக் குடித்துத் தெரிந்துகொண்டேன். கிழங்கு அடியில், கறி மேலே என்பதை இரண்டாம் வாரம். மிஞ்சியதை ஆளுக்கொரு டப்பாவாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்தால் வியாழக்கிழமையும் அதே குழம்பின் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்பது மெதுவாகத்தான் புரிந்தது. குக்கருக்கு ஏற்ற ஆள்தான் நான்.

மாமா முதல் நாளே அதை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, இது சூடாகுதா, இல்ல யோசிக்குதா?"

"மெதுவாத்தான் ஆகும் மாமா. அதான் இதோட ஸ்பெஷல்."

"இதை எங்க ஃபேக்டரியில சேர்த்திருந்தா தூங்குமூஞ்சின்னு ஒரே நாள்ல வெளிய தள்ளியிருப்பாங்க."

அன்று முதல் அதன் பெயர் தூங்குமூஞ்சி.

மாமா வேலை பார்த்தது ஒரு துணி ஆலையில், பாய்லர் அறையில். ஓய்வு பெற்றும் ஒரு பழக்கம் அவரை விடவில்லை: சூட்டில் இருக்கிற பாத்திரத்தை ஆள் இல்லாமல் விடக் கூடாது. நான் கிளம்பியதும் ஒரு நாற்காலியை இழுத்துச் சமையலறையில் போட்டுக்கொண்டு தூங்குமூஞ்சிக்குக் காவல் உட்கார்ந்துவிடுவார். யாரும் பார்க்க வேண்டியதில்லை என்பதற்காகவே உலகம் கண்டுபிடித்த பானையை நாள் முழுக்க ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். பார்ப்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடிக்கடி மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு தடவை திறந்தால் போன சூடு திரும்பி வர அரை மணி நேரம் ஆகும். சாயங்காலம் வந்து பார்த்தால் கேரட் என் பல்லோடு மல்லுக்கு நிற்கும்.

"மாமா, மூடியைத் திறக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"உள்ள என்ன நடக்குதுன்னு தெரிய வேண்டாமா?"

"வேண்டாம். அது பாட்டுக்கு வேகும். நீங்க ஹால்ல உட்கார்ந்து டிவி பாருங்க."

"என் பொண்ணு என்ன படிக்கப் போயிருக்கா? மயக்கத்துல தூங்குறவங்க பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்கிற படிப்பு. அது அவளுக்கு எங்கேர்ந்து வந்துதுன்னு நினைக்கிறீங்க?"

கடைசியில் சமாதானம் ஆயிற்று. உட்காரலாம், திறக்கக் கூடாது. "சரி, உங்க பாய்லர், உங்க ரூல்" என்றார். அதன் பிறகு கை வைக்கவே இல்லை. சொன்னால் சொன்னதுதான், அப்பாவும் பெண்ணும் ஒரே அச்சு.

சாப்பாடு வெந்தது. ஆனால் மாமா தேறவில்லை. எது வைத்தாலும் இரண்டு கரண்டி, "பரவாயில்லை மாப்பிள்ளை", அவ்வளவுதான், வயிறு நிறைந்துவிடும். ஒரு நாள் ஆணியும் சுத்தியலுமாக உட்கார்ந்து பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் மகள் வீடியோவில் வருகிற நேரம் மட்டும் கிண்ணம் நிறைய வாங்கிக்கொண்டு, கேமராவுக்கு முன்னால் வாய் நிறையச் சாப்பிடுவார். மகளைக் கண்டால் பசிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்ணைச் சோதித்துப் பவர் எழுதிக் கொடுக்கிறவன் நான். என் பார்வையின் லட்சணம் இது.

ஒரு புதன்கிழமை. காலையில் கோழிக்கறி, உருளைக்கிழங்கு, பீன்ஸ் எல்லாம் போட்டு மூடி, சுவிட்சைத் தட்டிவிட்டு ஓடினேன். முந்தின இரவு மிச்சத்தைச் சூடாக வைக்க குமிழை 'வார்ம்' என்கிற இடத்துக்குத் திருப்பியிருந்தேன். அதை மறுபடி திருப்பவில்லை. கறி நாள் முழுக்க வேகவும் இல்லாமல், குளிர்ச்சியிலும் இல்லாமல், வெதுவெதுப்பில் சுகமாகக் கிடந்து கெட்டிருக்கிறது.

சாயங்காலம் மாடிப்படியிலேயே நாற்றம் வரவேற்றது. யார் வீட்டிலோ எலி செத்துக் கிடக்கிறது என்று அனுதாபப்பட்டுக்கொண்டே ஏறினேன். நாற்றம் என்னோடு கூடவே ஏறி, என் வீட்டுக் கதவில் நின்றது.

உள்ளே மாமா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். காலிக் கிண்ணத்தில் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. கறிதான் கொஞ்சம் ரப்பரா இருக்கு. மத்தபடி பரவாயில்லை. அவ கூப்பிடுறதுக்குள்ள கொஞ்சம் சாப்பிட்டுடலாம்னு பார்த்தேன். முகம் தெளிவா இருக்கும்ல?"

கிண்ணத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். மாமனார் கையிலிருந்து சோற்றைப் பிடுங்கிய முதல் மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

"இதையா சாப்பிட்டீங்க? மாமா, நாறுது!"

"நாறுதா?"

திடுக்கிட்டுப் போய் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பானையைப் பார்த்தார். பிறகு தரையை.

"மாமா... உங்களுக்கு வாசனை தெரியலையா?"

"காய்ச்சல் வந்துச்சுல்ல. அப்போ போனது." மெதுவாகச் சொன்னார். "பாய்லர் ரூம்ல மீட்டர் சொல்றதுக்கு முன்னாடி மூக்கு சொல்லிடும். இப்போ கேஸ் திறந்து கிடந்தாக் கூடத் தெரியாது. அதான் அடுப்புப் பக்கமே போறதில்லை. வாயில எதைப் போட்டாலும் அட்டையை மெல்ற மாதிரி இருக்கு. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாப்பிள்ளை. தெரிஞ்சா மறுநாளே வந்துடுவா."

மத்தியான காபியை ஏன் பிளாஸ்கிலேயே போட்டு வைக்கச் சொல்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. அது மட்டுமா? நான் அவருக்குச் சாப்பாடு ஊட்டி என் மனைவியின் படிப்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அவர் அட்டையை மென்று அதே படிப்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே வேலை.

சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் கெட்டுப்போன கோழி வயிற்றுக்குள் போயிருக்கிறது. வீட்டில் இருக்கிற ஒரே மருத்துவ அறிவு தொலைபேசிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கூப்பிட்டேன்.

"எவ்வளவு சாப்பிட்டாரு? எப்போ? வாந்தி வருதா? உப்பும் சர்க்கரையும் கலந்து தண்ணி குடுத்துக்கிட்டே இருங்க. காய்ச்சல் அடிச்சா உடனே ஆஸ்பத்திரி." மடமடவென்று வந்தது. பிறகு நிதானித்தாள். "ஆமா, நாத்தம் அடிக்கிறதை எப்படிச் சாப்பிட்டாரு?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டார். எல்லாவற்றையும் அவரே சொன்னார். பிறகு போன் என் கைக்கு வந்தது.

"தினமும் என்ன சொல்லிட்டுச் சாப்பிட்டாரு?"

"பரவாயில்லைன்னு."

"உங்க சமையலையா? எங்கம்மா சமையல்லயே ஒரு வேளை விடாம நொட்டைச் சொல்லிட்டுச் சாப்பிட்டவரு. அப்பவே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? சனிக்கிழமை வர்றேன்."

எத்தனை நாளைக்கு வருகிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வயிறு ஒரு நாள் படுத்தி எடுத்துவிட்டு அடங்கியது. மூக்கு டாக்டரிடம் போனோம். வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், காரமான வாசனைகளைத் தினமும் முகர்ந்து பழகுங்கள் என்றார். வரும் வழியில் கேஸ் கசிந்தால் கத்துகிற கருவி ஒன்றை வாங்கினோம். மாமா அதைத் தானே சுவரில் பொருத்தி, மூன்று இடம் மாற்றிப் பார்த்து, ஒருவழியாகத் திருப்திப்பட்டார். பிறகு அடுப்பைப் பற்ற வைத்து எனக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்தார். கழுநீர் மாதிரி இருந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

சனிக்கிழமைக்குள் எதையாவது செய்தாக வேண்டும். எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். கடையில் ஒருவர் கண்ணுக்கு முன் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, முதலாவது தெளிவாக இருக்கிறதா இரண்டாவது தெளிவாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போவோம். அதையே நாக்கில் செய்தேன். ஒரே குழம்பை இரண்டு கிண்ணத்தில் எடுத்து, ஒன்றில் எலுமிச்சை பிழிந்தேன்.

"முதல் கிண்ணமா, ரெண்டாவதா?"

"ரெண்டாவது. என்னமோ சுர்ருங்குது."

அடுத்து ஒன்றில் மிளகுத்தூள். அடுத்து ஒன்றில் பச்சை வெங்காயம்.

"இப்போ?"

"இது. இன்னும் கொஞ்சம் போடுங்க. பல்லுக்கு வேலை இருக்கு."

"இதுக்கும் அதுக்கும்?"

"ரெண்டும் ஒண்ணுதான். நீங்க என்ன, கடை நினைப்புல லெட்டர் படிக்கச் சொல்வீங்க போல?"

அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் பிடிபட்டது. உப்பு, புளிப்பு, உறைப்பு, சூடு, கடிபடுவது. இவை அத்தனையும் அவருக்குத் தெரிந்தன. வாசனைதான் கிடையாது. தூங்குமூஞ்சியோ எதைப் போட்டாலும் பஞ்சாக்கிவிடும். வாசனை தெரியாதவருக்குக் கடிபடவும் ஒன்றுமில்லாமல் இத்தனை நாள் கூழாகவே ஊற்றியிருக்கிறேன். இப்போது குழம்பைக் கெட்டியாக வைத்து, இறக்கிய பிறகு எலுமிச்சை, பச்சை வெங்காயம், வறுத்த வேர்க்கடலை, கையளவு நறுக்கிய முட்டைக்கோஸ் சேர்த்தேன். மாமா கரகரவென்று மென்ற சத்தம் ஹால் வரை கேட்டது.

சனிக்கிழமை அவள் வந்தாள். கையில் பெரிய பெட்டி. இரண்டு நாளைக்கா, ஒரேயடியாகவா என்று பெட்டியின் அளவை வைத்துக் கணக்குப் போட்டேன். கதவைத் தாண்டியதும் அப்பாவின் தோளைத் தொட்டாள், பெல்ட்டைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் மேஜையில் உட்கார்ந்தாள். நான் பரிமாறினேன். அப்பா சாப்பிடுவதை ஆபரேஷன் மேஜையில் கிடப்பவரைப் பார்ப்பது போல விடாமல் பார்த்தாள்.

மாமா பாதிக் கிண்ணத்தில் நிறுத்தினார்.

"மாப்பிள்ளை, எலுமிச்சை தூக்கல். நேத்து இந்த அளவு இல்லை. கடலையைக் கருக விட்டுட்டீங்க, கசக்குது."

"மன்னிச்சுக்குங்க மாமா."

"ஒரு நாள் ஒழுங்கா வந்தா மறுநாள் கோட்டை விடுறீங்க. ம், இன்னொரு கரண்டி போடுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். "எப்பலேர்ந்து?"

"வெள்ளிக்கிழமைலேர்ந்து. வாயைத் திறந்தா குறைதான். தாங்க முடியலை."

அவள் தனக்கு வைத்த கிண்ணத்தை இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். பசித்த பிள்ளை மாதிரி வேகமாகச் சாப்பிட்டாள். ஹாஸ்டலில் என்ன தின்கிறாள் என்று இதுவரை நாங்கள் யாரும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து, ஈரக் கையோடு என் முன்னால் நின்றாள்.

"நாளைக்கு ராத்திரி வண்டியில ஒரு டிக்கெட் போடுங்க."

"நீ போட்டுட்டு வரலையா?"

"இல்லை" என்றாள். பெரிய பெட்டி கதவோரம் திறக்காமலேயே நின்றது.

போனில் தேடினேன். கடைசி நேரம், ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது.

"கிடைக்குது. ஆனா கக்கூஸுக்குப் பக்கத்து சீட்."

அவள் மூக்கைச் சுளித்தாள். மாமா கிண்ணத்திலிருந்து நிமிர்ந்தார்.

"அதை அவளுக்கு ஏன் போடுறீங்க? எனக்குப் போடுங்க மாப்பிள்ளை. அந்த சீட்டுக்குன்னே அளவெடுத்து செஞ்ச ஆள் நான்."

என் மனைவிதான் முதலில் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தாள். மாமா கடலையைக் கடித்தபடி, கருகினதை மட்டும் தனியாகப் பொறுக்கித் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

நான் அந்த டிக்கெட்டை அவள் பெயரிலேயே போட்டேன்.