இரும்புக்குக் காய்ச்சல் வராது

என் இடப்பக்க அடிவயிற்றுக்குள் வெடித்த எறிகணைச் செல்லின் இரும்புத் துண்டு ஒன்று கிடக்கிறது. கடைசிச் சண்டையில் ஏறியது. எடுக்கத் தேவையில்லை என்று முகாமில் இருந்த டாக்குத்தர் சொன்னார். எடுக்கத் தெரியாதவன் சொல்லும் கதை என்று நினைத்தேன். அன்று முதல் அந்தப் பக்கம் எது நொந்தாலும் இரும்புதான்.

அறுவடை முடிந்த கிழமை பிடித்த நோ விடவேயில்லை. ஒரே இடத்தில் நின்று குத்தியது. மலம் போகவில்லை. சோறு மணத்தாலே குமட்டியது. சுடுதண்ணீர்ப் போத்தலை வயிற்றில் வைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் காலை உடம்பு நடுங்கியது. மனைவி நாகேஸ்வரி நெற்றியில் கை வைத்தாள்.

"கொதிக்குது. எழும்புங்கோ, ஆசுப்பத்திரிக்குப் போவம்."

"இரும்பு அசையுது. அடங்கிவிடும்."

"பதினாறு வருசமா அசையுற இரும்புக்கு இண்டைக்குத்தான் காய்ச்சல் வந்ததோ? இரும்புக்குக் காய்ச்சல் வருமோ?"

அவளே ஆட்டோவைக் கூப்பிட்டு என்னை ஏற்றினாள். ஆட்டோ குழியில் விழுந்த ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிடித்தபடி அவளைத் திட்டிக்கொண்டு போனேன்.

ஆசுப்பத்திரியில் ஒரு சின்னப் பிள்ளை, அவாதான் டாக்குத்தராம், வயிற்றை அமத்தினா. கையை எடுத்தபோது நோவில் உயிர் போனது. ஸ்கான் எடுத்துப் படத்தைக் கொண்டுவந்து காட்டினா.

"ஐயா, உங்கட இரும்பு இந்தா, இடுப்பெலும்போடை கிடக்குது. அது ஒண்டும் செய்யேல்லை. பெருங்குடல் சுவரிலை சின்னச் சின்னப் பையள் இருக்கு. வயசு போனா கன பேருக்கு வாறதுதான். அதிலை ஒண்டு அழண்டு, கிருமி பிடிச்சு வீங்கியிருக்கு."

"பொய் சொல்லுறியளோ?"

"பொய் சொல்லி எனக்கென்ன வரப்போகுது? அந்தப் பை வெடிச்சிருந்தா வயித்தைக் கீறியிருக்க வேணும். நோ விடாமல் நிண்டு காய்ச்சலும் வந்தா, வாந்தி சத்தி எடுத்தா, மலத்தோடை ரத்தம் போனா, அண்டைக்கே வரவேணும். மூண்டு நாள் போத்தலோடை படுக்கக் கூடாது."

நான்கு நாள் ஊசியும் சேலைனும் கஞ்சித் தண்ணீருமாகப் போனது. இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. நோ மெதுவாகத்தான் போனது.

வீட்டுக்கு வரும் வழியில் நாகேஸ்வரி மருந்துக் கடையில் காய்ச்சல் பார்க்கும் குழாய் ஒன்று வாங்கினாள். இப்போது நான் வயிற்றைத் தொட்டாலே அதை என் வாய்க்குள் வைத்துவிடுகிறாள். அது வாயில் இருக்கும்வரை இரும்பைப் பற்றி நான் ஒன்றும் கதைக்க முடியாது.