தலையில் கோடு விழுவதற்குள்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் மீசை உதிர்ந்துபோகட்டும்.

கொளத்தூரில் பெண்டாட்டியிடம் கோபித்துக்கொண்ட ஆண்கள் கெளுத்தி மீனாகிவிடுவார்கள். காசி, ராமேஸ்வரம் என்று அலைவதில்லை. பக்கத்து மீன் கடைத் தொட்டிக்குள் போய் அடியில் படுத்துக்கொள்வார்கள். மனைவி வந்து கூட்டிப்போக வேண்டும்.

மரகதத்தின் கணவர் தெய்வசிகாமணி போனது ஒரு குடைக்காக. அவருடைய பழைய குடையை அவள் பழைய சாமான்காரனிடம் பிளாஸ்டிக் குடத்துக்குப் போட்டுவிட்டாள். அவர் செருப்பைக்கூட மாட்டாமல் தொட்டிக்குப் போய்விட்டார். கிடக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். இப்போது, விடிந்தால் மகள் எழிலிக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்ற அப்பா வேண்டும்.

அவள் வந்து கேட்டதும் கடைக்காரர் பிரான்சிஸ் தலையைச் சொறிந்தார். தண்ணீர் மாற்றும்போது இரண்டு தொட்டி மீன்களையும் ஒரே வாளியில் போட்டுவிட்டாராம். எல்லாம் விரல் நீளம், ஒரே சாம்பல் நிறம், முதுகுத் துடுப்பில் அதே கறுப்புத் திட்டு. தலையைத்தான் பார்க்க வேண்டும் என்றார். கோபங்களைத் தனித்தனியாக வைத்திருப்பவருக்குத் தலையில் புள்ளிகள் இருக்கும். பழசு, புதுசு எல்லாவற்றையும் கோத்து வைத்திருப்பவருக்குப் புள்ளிகள் சேர்ந்து கோடாகிவிடும். கோடு விழுந்தவர் வீட்டுக்கு வந்தாலும் மீனாகவேதான் இருப்பார்.

மரகதம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். புள்ளித் தலைகளே ஏழெட்டு இருந்தன. "ஏங்க" என்று கூப்பிட்டாள். எல்லாமே திரும்பின.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தொட்டியருகே குனிந்தாள்.

"குடையைப் போட்டது என் தப்புதாங்க."

அந்த ஒரு வார்த்தைக்காகவே கிடந்ததுபோல் கோட்டுத் தலைகள் உட்பட அத்தனையும் வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. அவளுக்கு எல்லாரையும் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒன்று மட்டும் மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு மணலைக் கிளறியது.

"இவர்தான்," என்றாள். "நான் தப்புன்னு ஒத்துக்கிட்டா இவர் நம்பவே மாட்டார்."

பிரான்சிஸ் வலையில் அள்ளிப் பார்த்தார். இரண்டு புள்ளிகள் ஒட்டத் தொடங்கியிருந்தன.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்கக்கா. இன்னொரு சண்டை ஞாபகம் வந்திருந்தா கோடு விழுந்திருக்கும்."

பிளாஸ்டிக் கவரில் தண்ணீரும் காற்றும் பிடித்துக் கொடுத்தார். வழியில் மரகதம் ஒரு புதுக் குடை வாங்கி, கவர்மேல் வெயில் படாமல் பிடித்துக்கொண்டு நடந்தாள். தெருமுனை திரும்பும்போது கவருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கம்பி சரியில்லையே."

வீட்டுக்குப் போனதும் குளியலறை வாளியில் அவரை ஊற்றிவிட்டு, கதவிடுக்கு வழியாகத் துண்டையும் வேட்டியையும் நீட்டினாள்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்து ஜமக்காளத்தின் நடுவில் வைத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா. தலை முழுக்கக் கோடு. தெய்வசிகாமணி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு எழுந்துபோய்ப் புதுக் குடையை எடுத்துவந்து ஜாடிக்கு மேல் விரித்து வைத்துவிட்டு, தட்டை நீட்டினார். சம்பந்தி மீசையால் தொட்டு வாங்கிக்கொண்டார்.

இதை யார் சொன்னது என்று மட்டும் வெளியே மூச்சு விடாதீர்கள். முக்கியமாகப் பிரான்சிஸிடம். அவர் தண்ணீர் மாற்ற வருகிற நேரம். என் தலையில் இன்னும் புள்ளிதானே இருக்கிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.